பச்சை உடம்பும் பத்தியமும்: சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் பிள்ளை பெற்றவளைப் பேணிய வரலாறு

இந்த மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று நம் சங்கத்தார் கேட்டபோது, பல்லவர், சோழர் என்று எழுதப் படித்தவர்கள் பலர் இருக்கிறார்களே, நாட்டு மருந்துக் கடை வைத்துப் பிழைக்கிற நான் என்ன எழுதுவது என்று தயங்கினேன். "உம்ம கடையில இருக்கிற டப்பாவைப் பற்றியே எழுதும்" என்றார் ஒரு நண்பர். அதுவும் சரிதான். என் தகப்பனார் சித்தூர் பஜாரில் கடை போட்ட நாளிலிருந்து அதிகம் விற்ற சரக்கு பிள்ளை பெற்றவளுக்கான மருந்துதான். அந்த மருந்தின் பின்னால் ஈராயிரம் வருஷத்துக் கதை இருக்கிறது. எங்கள் வீட்டுக் கதை ஒன்றும் இருக்கிறது. இரண்டையும் சொல்கிறேன். நான் பட்டம் பெற்ற வைத்தியன் அல்லன். படித்ததும், கேட்டதும், பட்டதும்தான் என் மூலதனம்.

ஒரு சொல், இரண்டு பொருள்

எங்கள் சமூகத்துப் பட்டப்பெயர் நயினார். சித்தூர்த் தெலுங்கர் நாவில் அது 'நைனா' ஆகிவிட்டது. அவர்கள் பேச்சில் நைனா என்றால் அப்பா. ஆகவே சின்ன வயதிலேயே நான் ஊருக்கெல்லாம் அப்பாவாகிவிட்டேன். ஒரு நாள் காளஹஸ்திப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அவ்வா, "நைனா, பாலிந்தராலுக்குக் காயம் கொடு" என்றார். நான் பெருங்காயக் கட்டியை எடுத்து நீட்டினேன். அவ்வா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். பெருங்காயத்துக்குத் தெலுங்கில் இங்குவ என்று பெயர். பாலிந்தராலு என்றால் பிள்ளை பெற்றவள். அவளுக்கு இடித்துக் கொடுக்கும் சுக்கு, திப்பிலி, ஓமம், வெல்லம் சேர்ந்த மருந்துதான் அங்கே காயம்.

வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் சொன்னேன். "இதிலென்ன அதிசயம்? வந்தவாசிப் பக்கம் நாங்களும் அதைக் காயம் இடிக்கிறதுன்னுதான் சொல்லுவோம்" என்றாள். பிறகு யோசித்துப் பார்த்தேன். வெங்காயம், பெருங்காயம், ஐங்காயம் என்று தமிழில் வருகிற காயமெல்லாம் உறைப்புச் சரக்குதான். பட்டணத்துத் தமிழன் மறந்த பொருளைத் தெலுங்கு நாட்டு அவ்வா காப்பாற்றி வைத்திருக்கிறார். வெளிமாநிலத்தில் வாழ்வதால் நாம் இழப்பது உண்டு, இப்படிக் கிடைப்பதும் உண்டு.

நூல்கள் சொல்லும் முறை

பிள்ளை பெற்றவளை ஆயுர்வேதம் 'சூதிகை' என்று அழைக்கிறது. அவளைப் பேணும் முறைக்கு சூதிகா பரிசரியை என்று பெயர். சரக சம்ஹிதையில் சாரீர ஸ்தானத்தின் எட்டாம் அத்தியாயத்திலும், சுசுருத சம்ஹிதையில் அதே ஸ்தானத்தின் பத்தாம் அத்தியாயத்திலும் இது விரிவாக வருகிறது.

சரகர் சொல்வதன் சாரம் இதுதான். பெற்றவளுக்குப் பசி எடுத்திருக்கிறதா என்று முதலில் பார். பசி வந்ததும் அவள் சக்திக்கு ஏற்ற அளவு நெய்யோ எண்ணெயோ கொடு. அதில் திப்பிலி, திப்பிலி மூலம், செவ்வியம், சித்திரமூலம், சுக்கு ஆகிய ஐந்தின் பொடியைச் சேர். பிறகு அவள் வயிற்றில் எண்ணெய் தடவி, அகலமான துணியால் சுற்றிக் கட்டு. காலியான வயிற்றில் வாயு புகுந்து தொல்லை செய்யாமல் இருக்க இது. கொடுத்தது செரித்ததும் அதே சரக்கு சேர்த்த அரிசிக் கஞ்சியை நெகிழ்வாகக் காய்ச்சிக் கொடு. இரண்டு வேளையும் வெந்நீர் வார்த்த பிறகே கஞ்சி. ஐந்து அல்லது ஏழு இரவு இப்படி. அதன்பின் படிப்படியாக உடம்பைத் தேற்று. பெற்றவளுக்கு வரும் நோய் தீர்ப்பதற்கு அரிது என்ற எச்சரிக்கையையும் சரகர் வைக்கிறார். கருவை வளர்த்ததிலும், வலியிலும், இரத்தப்போக்கிலும் உடம்பு வெறுமையாகிவிடுகிறது என்பது அவர் காரணம்.

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'பசி அறிந்து கொடு' என்பதுதான் நூலின் முதல் கட்டளை. பட்டினி போடு என்றோ, தண்ணீர் கொடுக்காதே என்றோ அங்கே இல்லை. மூன்று நாள் சோறு காட்டாமல், நாக்கு வறண்டாலும் ஒரு மிடறு தண்ணீர் கொடுக்காமல் வைத்த வழக்கம் நம் ஊர்களில் இருந்ததே, அது எந்தக் கிழவி சேர்த்ததோ, சரகர் சேர்த்தது அல்ல.

சுசுருதர் இந்தப் பராமரிப்புக்கு ஒன்றரை மாதம் கெடு வைக்கிறார். அதன்பின் அவள் சூதிகை அல்லள். மீண்டும் மாதவிலக்கு வரும் வரை என்று சிலர் சொல்வதையும் குறிக்கிறார். ஒன்றரை மாதம் என்றால் 45 நாள். இன்றைய டாக்டர்கள் ஆறு வாரம், அதாவது 42 நாள் என்கிறார்கள். மலாய்க்காரர்களின் 'பந்தாங்' 44 நாள். சீனரோ ஒரு மாதம் வீட்டோடு இருத்துகிறார்கள். எந்த நாட்டுத் தாய்க்கும் கர்ப்பப்பை சுருங்கிப் பழைய நிலைக்கு வர ஏறக்குறைய அதே காலந்தான் ஆகிறது.

மூன்றாவது நூல் காசியப சம்ஹிதை. தாய், சேய் வைத்தியத்துக்கென்றே எழுந்த நூல் இது. நேபாளத்தில் கிடைத்த சுவடியிலிருந்து 1938இல் அச்சாகி வெளிவந்தது. முழுச் சுவடியும் கிடைக்கவில்லை, நடுநடுவே ஏடுகள் போயின. இதில் எனக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. பெற்றவளுக்குச் செய்வதை அவளுடைய தேசத்தையும் குலவழக்கத்தையும் பார்த்துச் செய் என்கிறது நூல். நீர்வளமுள்ள நாட்டுக்காரிக்கு முதலிலேயே நெய்யை ஊற்றாதே, கஞ்சித் தெளிவில் தொடங்கு. வறண்ட நாட்டுக்காரிக்கு நெய்ப்பசை தாராளமாகக் கொடு. அந்நிய நாட்டார் மாமிசச் சாறு, கிழங்கு, பழம் முதலியவற்றைக் கொடுப்பதையும் இகழாமல் குறிக்கிறது. தஞ்சாவூரிலிருந்து வறண்ட ராயலசீமைக்குப் பெண் கொடுத்தவர்கள் யோசிக்க வேண்டிய இடம்.

நூல் என்றால் எல்லாமே சரி என்று நான் வாதாட வரவில்லை. மூன்றாம் நாளோ நான்காம் நாளோதான் பால் ஊறும், அதுவரை குழந்தைக்குத் தேனும் நெய்யும் கொடு என்று சுசுருதர் எழுதினார். அது தவறு என்று இன்று நமக்குத் தெரியும். முதலில் சுரக்கும் சீம்பால்தான் குழந்தைக்கு முதல் காப்பு. ஒரு வயது ஆகும்வரை தேனே ஆகாது, அதிலுள்ள நுண்கிருமி பச்சைக் குழந்தையை முடக்கிவிடக்கூடும்.

கல்லில் எழுதிய பிரசவசாலை

இந்த வைத்தியமெல்லாம் ஏட்டோடு நின்றதா, நடைமுறையிலும் இருந்ததா? கல்வெட்டுகள் பதில் சொல்கின்றன.

தமிழ்நாட்டில் காஞ்சிபுரத்துக்கு அருகே திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டு. அங்கே வீரசோழன் என்ற பெயரில் 15 படுக்கை உள்ள ஆதுலசாலை நடந்தது. ஒரு வைத்தியர், சல்லியக்கிரியை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், மருந்து சமைக்கும் பெண்கள் இருவர், ஒரு நாவிதர் என்று ஆள்கணக்கு. இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் உண்டு. தசமூல அரீதகி, வில்வாதி கிருதம், கல்யாண லவணம் என்று அது போகிறது. நான் கடையில் இருப்பு எடுக்கும் நோட்டைப் போலவே இருக்கும்.

ஆனால் பிள்ளை பெறுவதற்கென்றே தனிச்சாலை வைத்த செய்தி நாம் வாழும் ஆந்திர மண்ணில்தான் கிடைக்கிறது. குண்டூர்ச் சீமையில் மல்காபுரம் என்ற ஊரில் 1261ஆம் ஆண்டுக் கல்வெட்டு. காகதீய அரசி ருத்ரமதேவி காலம். அவள் தந்தை கணபதிதேவனுக்குக் குருவாக இருந்தவர் கோளகி மடத்து விசுவேசுவர சிவாசாரியார். அவருக்குக் கிடைத்த கிராம வருமானத்தில் கோயில், மடம், மாணவர் படிப்பு, அன்னசத்திரம் ஆகியவற்றோடு ஒரு ஆரோக்கியசாலைக்கும் ஒரு 'பிரசூதிசாலை'க்கும் வழி செய்தார். கல்லில் அந்தச் சொல்லே இருக்கிறது. ஒரு துறவி, பிள்ளை பெறும் பெண்ணுக்கு இடம் ஒதுக்கினார். ஒரு பெண் அரசாண்ட காலம் அது என்பதும் நினைவில் வைக்கத்தக்கது. மல்காபுரம் இப்போது அமராவதித் தலைநகர்ப் பகுதியில், துள்ளூர் வட்டாரத்தில் இருக்கிறது. விஜயவாடா பக்கம் போகிறவர்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டலாம்.

சமணர் கைப்பட்ட மருந்து

என் சமயத்தைப் பற்றியும் நாலு வரி சொன்னால் குற்றமில்லை. சமணத்தில் தானம் நான்கு வகை: ஆகாரம், மருந்து, அபயம், சாத்திரம். மருந்து கொடுப்பது எங்களுக்கு அறத்தில் ஒரு பங்கு. 9ஆம் நூற்றாண்டில், இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் உக்கிராதித்தியர் என்ற சமண முனிவர் 'கல்யாணகாரகம்' என்ற மருத்துவ நூலை வடமொழியில் செய்தார். தெலுங்கு நாட்டில் இராமகிரி மலையில் இருந்து எழுதியதாக நூல் சொல்கிறது. மதுவும், மாமிசமும், தேனும் இல்லாமலே வைத்தியம் நடத்தலாம் என்று காட்டிய நூல் அது. 1940இல் சோலாப்பூரில் அச்சானது.

தமிழில் கணிமேதாவியார் என்ற சமணர் தம் நீதிநூலுக்கு 'ஏலாதி' என்று மருந்தின் பெயரையே வைத்தார். ஏலம், இலவங்கம், சிறுநாவற்பூ, சுக்கு, மிளகு, திப்பிலி ஆகிய ஆறும் சேர்ந்தது ஏலாதி. காரியாசான் 'சிறுபஞ்சமூலம்' செய்தார். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றையும் குறிக்கும் 'திரிகடுகம்' நல்லாதனார் செய்தது. உடம்புக்கு மருந்துபோல் மனத்துக்கு நீதி என்பது அவர்கள் கருத்து. வாசகனுக்கு மருந்துச் சரக்கின் பெயர் தெரிந்திருக்கும் என்று நம்பித்தானே இப்படிப் பெயர் வைத்தார்கள்? அந்தக் காலத்து வீடுகளில் அஞ்சறைப்பெட்டியே வைத்தியசாலை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

எங்கள் வீட்டில் பிள்ளை பெற்றவளுக்குத் தேன் கிடையாது, பூண்டு கிடையாது. வெல்லமும் நெய்யும் சுக்கும்தான். சூரியன் சாய்ந்தபின் உண்ணாத வழக்கம் உண்டே, பால் கொடுப்பவள் இராத்திரி பசித்தால் என்ன செய்வது என்று ஒரு மருமகள் கேட்டாள். பாட்டி யோசிக்கவே இல்லை. "பிள்ளைக்குப் பால் கொடுக்கிறதே ஒரு நோன்பு. அதுக்கு மேல இன்னொரு நோன்பு உனக்கு எதுக்கு? கஞ்சி குடி" என்றாள். சாத்திரம் படிக்காத கிழவி சரகர் சொன்னதையே சொன்னாள்.

எங்கள் கடைக் காயம்

தமிழும் தெலுங்கும் கலந்த ஊரில் சரக்கின் பெயர் இரண்டு மொழியிலும் தெரிந்தால்தான் வியாபாரம். சுக்குக்கு சொண்டி, மிளகுக்கு மிரியாலு, திப்பிலிக்குப் பிப்பள்ளு, கண்டந்திப்பிலிக்கு மோடி, ஓமத்துக்கு வாமு, சித்தரத்தைக்கு தும்பராஷ்ட்ரகம், வசம்புக்கு வச, நொச்சி இலைக்கு வாவிலி ஆக்கு. புதிதாகக் குடியேறிய தமிழ்க் குடும்பத்துப் பெண்கள் இதை எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

எங்கள் கடைக் கணக்கில் ஒருத்திக்கு வேண்டிய அளவு இது: சுக்கு 100 கிராம், ஓமம் 50, சீரகம் 50, தனியா 50, மிளகு 25, திப்பிலி 25, கண்டந்திப்பிலி 25, சதகுப்பை 25, சித்தரத்தை 15. இவற்றைத் தனித்தனியே இளஞ்சூட்டில் வறுத்து, இடித்து, சலிக்க வேண்டும். முக்கால் கிலோ வெல்லத்தைப் பாகு வைத்து வடிகட்டி, பொடியைத் தூவிக் கிளறி, 100 கிராம் நல்லெண்ணெயும் 200 கிராம் நெய்யும் சிறுகச்சிறுக விட்டு, சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்போது இறக்க வேண்டும். வெல்லத்துக்கு சித்தூர் பேர்போன ஊர், சொல்ல வேண்டியதில்லை. காலையில் சிறு நெல்லிக்காய் அளவு போதும். 'நல்லது' என்று அள்ளிக் கொடுத்தால் வயிறு எரியும், தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கும் சேராமல் போகலாம். இரத்தக்கொதிப்பு, சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

சுக்கை முதன்மையாக வைத்துச் செய்யும் சாத்திரோக்தமான லேகியத்துக்கு 'சௌபாக்கிய சுண்டி' என்று பெயர். இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டு அரசு 2015இல் அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவித்த தாய்மார்களுக்கு 16 பொருள் கொண்ட பரிசுப் பெட்டகம் கொடுக்கத் தொடங்கியபோது, துண்டு, சோப்பு, கொசுவலையோடு சௌபாக்கிய சுண்டி லேகியத்தையும் சேர்த்தது. பின்னர் வந்த மகப்பேறு சஞ்சீவிப் பெட்டகத்தில் 11 வகை மருந்து. அதில் ஏலாதிச் சூரணமும் உண்டு. கணிமேதாவியார் கேட்டால் மகிழ்ந்திருப்பார். திருப்பதியிலும் தேவஸ்தானம் 1983இல் தொடங்கிய ஸ்ரீ வேங்கடேசுவர ஆயுர்வேதக் கல்லூரி இருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் அங்கே படித்தவர்களைக் கேட்கலாம்.

மருந்தோடு வேதுநீர்க் குளியல் உண்டு. நொச்சியும் வேம்பும் போட்டுக் கொதித்த வெந்நீரைத் தாங்கும் சூட்டில் இடுப்புக்கு ஊற்றுவார்கள். சாப்பாட்டில் தெலுங்கர் வீட்டில் வெல்லுள்ளிக் காரமும் பீர்க்கங்காயும். தமிழர் வீட்டில் மிளகு ரசமும் பத்தியக் குழம்பும். புலால் உண்பவர் வீட்டில் பால்சுறாவும் கருவாடும். பண்டம் வேறானாலும் நோக்கம் ஒன்று: எளிதில் செரிக்க வேண்டும், பால் ஊற வேண்டும், இடுப்புக்குப் பலம் வர வேண்டும்.

எல்லைக்கோடும் ஆஸ்பத்திரியும்

1911இல் சித்தூர் மாவட்டம் பிறக்கும்வரை சித்தூர் வட ஆர்க்காட்டின் தலைநகரம். வேலூர் சித்தூர் கலெக்டரின் கீழ் இருந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் அங்கே போயிற்று. 1960இல் திருத்தணி தமிழகம் வந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டம் ஆனது. கோடு எத்தனை முறை மாறினாலும் பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் பெண்ணுக்குக் கோடு கிடையாது. சித்தூரிலிருந்து ஆரணிக்கும் வேலூரிலிருந்து திருப்பதிக்கும் பஸ்ஸில் லேகியச் சட்டியோடு போன தாய்மார் எத்தனையோ.

ஆங்கில வைத்தியம் வந்த கதையும் இந்த மண்ணோடு சேர்ந்தது. எழும்பூரில் மகப்பேறு ஆஸ்பத்திரி 1844லேயே தொடங்கியது. ஆனால் பெண்கள் ஆண் டாக்டரிடம் போக மாட்டார்கள். 1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று கணவன்மார் அமெரிக்க மிஷன் டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், ஒருவர் வேறு மேல்சாதி இந்து. டாக்டரை அழைக்க அவர்கள் வரவில்லை. அவருடைய மகளை அழைத்தார்கள். அந்தப் பெண் வைத்தியம் படித்தவள் அல்லள். மறுநாள் மூன்று பெண்களும் இறந்தார்கள் என்ற செய்தி வந்தது. அந்த மகள்தான் ஐடா ஸ்கடர். அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்துத் திரும்பி, 1902இல் வேலூரில் பெண்களுக்கான ஆஸ்பத்திரி திறந்தார். 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. திண்டிவனம் எங்கள் தமிழ்ச் சமணர் வாழும் சீமை. இந்தக் கதை கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். காரணம் இதோ.

என் அக்கா

1971. எனக்குப் பதினோரு வயது. என் மூத்த அக்காவைத் தலைப்பிரசவத்துக்குச் சித்தூரிலிருந்து வந்தவாசிப் பக்கத்தில் உள்ள எங்கள் பாட்டி ஊருக்கு அனுப்பினார்கள். பாட்டி கைராசிக்காரி. மருத்துவச்சியும் பழக்கமானவள். சுகப்பிரசவம், பெண் குழந்தை. அப்பா சித்தூரிலிருந்து பொறுக்கி எடுத்த சரக்கு அனுப்பினார். எல்லாம் முறைப்படி நடந்தது.

நான்காம் நாள் காய்ச்சல். "பால் கட்டின காய்ச்சல்" என்றார்கள். ஐந்தாம் நாள் குளிர் நடுக்கம். "ஜன்னி" என்றார்கள். ஜன்னிக்கு மருந்து உரைத்துக் கொடுத்தார்கள். காற்றுப் படக்கூடாதென்று ஜன்னலை அடைத்தார்கள். தாகம் என்று கேட்டவளுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை. நான் திண்ணையில் இருந்தேன். "டேய் தம்பி, ஒரு சொம்பு கொண்டாடா" என்று அவள் கேட்டது எனக்குக் கேட்டது. கொண்டு போனேன். வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். ஏழாம் நாள் வண்டி கட்டி, பிறகு பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நேரம் கடந்துவிட்டது என்றார் டாக்டர்.

யார்மேல் குற்றம் சொல்வது? பாட்டி அன்பில் குறைந்தவள் அல்லள். மருத்துவச்சியும் எத்தனையோ உயிரை வாங்கிக் கையில் ஏந்தியவள். அந்தக் காலத்தில் இந்த வேலையைப் பெரும்பாலும் நாவிதர் குலப் பெண்களே செய்தார்கள். தெலுங்கில் மந்த்ரசானி என்பார்கள். ஊர் அவர்களை உயிர் போகிற நேரத்தில் கூப்பிட்டது. ஆனால் ஒரு கட்டி சோப்புகூடக் கொடுக்கவில்லை, ஒரு பாடமும் சொல்லித்தரவில்லை.

பின்னாளில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். 1847இல் வியன்னா நகரத்து ஆஸ்பத்திரியில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிரசவம் பார்ப்பவர் குளோரின் நீரில் கை கழுவினால் பிரசவக் காய்ச்சலில் சாகும் தாய்மார் எண்ணிக்கை வேகமாகக் குறைவதைக் காட்டினார். உடனிருந்த டாக்டர்களே பலர் அவரை நம்பவில்லை. படித்த ஐரோப்பாவே கை கழுவத் தயங்கியது என்றால் எங்கள் பாட்டியை மட்டும் எப்படிக் குறை சொல்வேன்? அக்காவைக் கொண்டுபோனது கிருமி. சுக்கும் திப்பிலியும் அதற்கு மருந்தல்ல. அதற்கு மருந்து ஊசியில் இருந்தது. அந்த ஊசி இருந்த இடம் எங்கள் ஊரிலிருந்து சில மணி நேரப் பயணம். நாங்கள் மூன்று நாள் தாமதித்தோம்.

அதற்குப் பிறகு அப்பா கடையில் காயம் விற்பதை நிறுத்தவில்லை. ஆனால் "பெத்தவளுக்குக் காய்ச்சல், ஏதாவது கொடுங்க" என்று யார் வந்தாலும் மருந்து எடுக்க மாட்டார். கல்லாவைத் திறந்து பஸ் காசு எடுத்துக் கொடுத்து, "இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போ" என்பார். திருப்பிக் கொடுத்தவர் உண்டு, கொடுக்காதவர் உண்டு. அவர் கணக்கு எழுதியதில்லை. இன்றைக்கு நானும் அப்படித்தான். இப்போது பஸ் காசு வேண்டாம், 108க்குப் போன் போட்டாலே போதும். அந்த வண்டி ஆந்திராவில்தான் 2005இல் முதலில் ஓடத் தொடங்கியது.

எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது

2018-20 கணக்குப்படி ஒரு லட்சம் குழந்தை உயிரோடு பிறக்கும்போது இந்தியாவில் 97 தாய்மார் இறந்தார்கள். ஆந்திராவில் 45, தமிழ்நாட்டில் 54. பழைய நாளை நினைத்தால் இது பெரும் முன்னேற்றம். ஆனால் அந்த 45இல் ஒருத்தி நம் வீட்டுப் பெண்ணாக இருந்தால் நமக்கு அது நூற்றுக்கு நூறு.

ஆகவே எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வைத்துக்கொள்ள வேண்டியவை: நாற்பத்தைந்து நாள் ஓய்வு, சூடான எளிய உணவு, எண்ணெய் தேய்த்த வெந்நீர்க் குளியல், அளவான காயம், பக்கத்தில் ஒரு பெரியவளின் துணை. விட வேண்டியவை: பட்டினி, தண்ணீர் மறுப்பு, அடைத்த அறையில் புகை, சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவது, குழந்தையின் தொப்புளில் சாம்பலோ எண்ணெயோ வைப்பது, முதல் ஆறு மாதத்தில் தாய்ப்பாலும் டாக்டர் சொன்ன மருந்தும் தவிர வேறு எதையும் குழந்தை வாயில் வைப்பது. வசம்பு உரைத்துக் கொடுப்பதும் இதில் சேரும். வசம்பு விற்கிற நானே சொல்கிறேன். பெயர் தெரியாத செந்தூரம், பஸ்பம் எதையும் பால் கொடுப்பவள் தொடக்கூடாது. ஆபரேஷன் செய்த வயிற்றில் டாக்டரைக் கேட்காமல் துணி இறுக்கக்கூடாது.

காய்ச்சல், அதிக இரத்தப்போக்கு, துர்நாற்றம், தாங்காத தலைவலி, கண் மங்கல், வலிப்பு, மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், இவற்றில் ஒன்று வந்தாலும் லேகியத்தை மூடி வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காரணமில்லாமல் அழுகிறாள், தூங்கவில்லை, குழந்தையைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் அதுவும் நோய்தான். திமிர் என்று சொல்லாதீர்கள். வெளியூரில் நாலு சுவருக்குள் தனியாக இருக்கும் நம் பெண்களுக்கு இது அதிகம் வரலாம். பழைய பிரசவ அறையில் அத்தை, சித்தி, பாட்டி என்று ஐந்தாறு பேர் இருந்ததும் ஒரு மருந்துதான். சங்கத்துப் பெண்மணிகள் முறை போட்டு, உறவில்லாத தமிழ் வீட்டிலும் இரண்டு நாள் போய்க் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கலாம். மல்காபுரத்தில் துறவி செய்ததை நாம் செய்ய முடியாதா?

முடிவாக

அக்கா விட்டுப்போன குழந்தையைப் பாட்டி பசும்பால் கொடுத்து வளர்த்தாள். அவள் இப்போது ஐம்பது கடந்து திருப்பதியில் இருக்கிறாள். 2023இல் அவள் மகளுக்கு அங்கே ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆனது. நான் சித்தூரிலிருந்து லேகியச் சட்டியோடு போனேன். பாட்டியின் கைப்பக்குவம், அப்பாவின் கணக்கு. வார்டில் இருந்த பெண் டாக்டரிடம் சரக்குப் பட்டியலைக் காட்டி, "கொடுக்கலாமா அம்மா?" என்று கேட்டேன். அவர் ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, "ஒரு வாரம் போகட்டும், பிறகு கொஞ்சமா கொடுங்க தாத்தா. தண்ணி மட்டும் நிறையக் குடிக்கச் சொல்லுங்க" என்றார்.

சட்டியை ஓரமாக வைத்தேன். முதலில் ஒரு சொம்பு தண்ணீர் எடுத்துப் பேத்தி கையில் கொடுத்தேன். அவள் முழுவதும் குடித்தாள்.